கிளேஸ் கடைசியில் சேரட்டும்: பன்றி இறைச்சிச் சாப்ஸ் குறிப்பு பற்றி ஒரு வேண்டுகோள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தில் இரண்டு வாரங்களுக்கு முன், வேலைநாள் இரவில் விரைவாகச் செய்யத்தக்க பன்றி இறைச்சிச் சாப்ஸ் பற்றிய குறிப்பு ஒன்று வெளியாகியிருந்தது. அதில் சொல்லியிருந்தபடியே, ஓர் அளவும் மாறாமல் செய்து பார்த்தேன். தேன், வினிகர், சோயா சாஸ், நசுக்கிய பூண்டு ஆகியவற்றைக் கலந்து இறைச்சித் துண்டுகளின்மேல் முதலிலேயே ஊற்றி, மூடிபோட்டு, நடுத்தரத் தீயில் 25 நிமிடம், உள்ளே இளஞ்சிவப்பு சிறிதும் தெரியாதபடி வேகவிட வேண்டும் என்று குறிப்பு கூறியது. ஏறத்தாழ 15 நிமிடம் கழிந்தபோது தேன் வாணலியின் அடியில் கரியாகப் பிடிக்கத் தொடங்கியது. தண்ணீர் தெளித்து ஒருவாறு காப்பாற்றி, மீதி நேரத்தையும் முடித்து மேசைக்குக் கொண்டுவந்தேன். வெளிப்புறம் கசந்தது, உட்புறம் சக்கையாக இருந்தது. பசியோடு காத்திருந்த வீட்டார் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்கள் என்பதுதான் எனக்கு அதிக வருத்தத்தைத் தந்தது.

குறிப்பை எழுதியவரைக் குறைகூறுவது என் நோக்கம் அன்று. இதே தவற்றை நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். இதே முறையை அச்சில் பார்க்கும்போது, அன்று மாலை வேலை முடிந்து களைத்து வந்து அதை நம்பி அடுப்பைப் பற்றவைக்கும் ஒவ்வொருவரையும் நினைத்துக்கொள்கிறேன். விடுமுறை நாளில் மணிக்கணக்காகக் கொதிக்கும் குழம்பில் ஒரு தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்ள நேரமுண்டு. பத்து நிமிடத்தில் முடியவேண்டிய சமையலில் இரண்டு நிமிடப் பிழைகூடத் திரும்பப் பெற முடியாதது. ஆகவே, விரைவான சமையல் என்று தலைப்பிட்டு வரும் குறிப்புகளுக்கே மற்றவற்றைவிடக் கூடுதலான துல்லியம் தேவை என்பது என் உறுதியான கருத்து. அந்தத் துல்லியம் நிமிடக் கணக்கில் இல்லை, துண்டின் தடிமனிலும் அதன் நடுப்பகுதியின் வெப்பநிலையிலும் கிளேஸ் எனப்படும் அந்தத் தேன் கலவையைச் சேர்க்கும் வேளையிலும் இருக்கிறது என்பதை விளக்கவே இக்கடிதம்.

முதலில், நாம் கையில் எடுப்பது எந்த இறைச்சி என்பதைப் பார்க்க வேண்டும். சாப்ஸ் என்பது பன்றியின் முதுகெலும்பை ஒட்டி நீளவாக்கில் ஓடும் தசையைக் குறுக்கே வெட்டிய துண்டு. தோள், கால் ஆகியவற்றின் தசைகளைப்போல் அது அதிகம் உழைப்பதில்லை. எனவே அதில் கொழுப்பும் குறைவு, தசையிழைகளைக் கட்டிவைக்கும் கொலாஜன் என்ற இணைப்புப் புரதமும் குறைவு. தோள் இறைச்சியை மெல்லிய தீயில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவைத்தால் அந்தக் கொலாஜன் மெல்ல உருகி ஜெலட்டினாகி, கறி பஞ்சுபோல ஆகிறது. சாப்ஸில் அப்படி உருகுவதற்கு ஏதுமில்லாததால், நீண்ட நேர வேக்காடு அதற்கு நன்மை எதையும் தராது. இருக்கும் நீரை மட்டும் பிழிந்தெடுக்கும். தசையில் உள்ள மயோசின் என்ற புரதம் ஏறத்தாழ 50 டிகிரி செல்சியஸில் இறுகத் தொடங்கும்போது இறைச்சி பச்சைத்தன்மை நீங்கி, கடிக்க இதமான உறுதியைப் பெறுகிறது. ஆக்டின் என்ற மற்றொரு புரதம் 66 டிகிரியைத் தாண்டியபின் இறுகும்போது இழைகள் சுருங்கி, உள்ளிருக்கும் சாற்றை வெளியே தள்ளிவிடுகின்றன. நல்ல சாப்ஸுக்கும் சக்கைக்கும் இடையிலான தூரம் இந்தச் சில டிகிரிகள்தாம். தங்கள் குறிப்பில் இருந்த 25 நிமிடம் இந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டது.

அப்படியானால் ஏன் இத்தனை பேர், இத்தனை தலைமுறையாக, இந்த இறைச்சியை அளவுக்குமீறி வேகவைத்து வந்திருக்கிறார்கள்? அதற்குக் காரணம் அறியாமை அன்று, நியாயமான அச்சம். என் அம்மா இறைச்சியை வெட்டிப் பார்த்து, உள்ளே ஒரு துளி இளஞ்சிவப்பு தெரிந்தாலும் மறுபடி அடுப்பிலேற்றிவிடுவார். அந்த அச்சத்தை நான் மதிக்கிறேன், ஏனெனில் அது உண்மையான ஒரு புழுவிலிருந்து பிறந்தது. 1835-ஆம் ஆண்டில் லண்டனில் மருத்துவ மாணவராக இருந்த ஜேம்ஸ் பேஜட், ஓர் இறந்த மனிதரின் தசையில் மணல்போன்ற சிறு புள்ளிகளைக் கண்டு, அவை சுருண்ட புழுக்கள் என்று உணர்ந்தார்; ரிச்சர்ட் ஓவன் அதை விவரித்துப் பெயரிட்டார். டிரைக்கினெல்லா என்று இன்று அழைக்கப்படும் அந்தப் புழு, சரியாக வேகாத பன்றி இறைச்சியின் வழியாக மனிதரைச் சேர்கிறது என்பது பின்னர் தெளிவானது. பன்றி இறைச்சியில் வரக்கூடிய நாடாப்புழுவும் அதுபோலவே கவனத்துக்குரியது. ஆகவே நன்றாக வேகவை என்று சொன்ன பெரியவர்கள் தவறாகச் சொல்லவில்லை. எவ்வளவு என்பதை அளக்கும் கருவி அவர்கள் கையில் இல்லை, அவ்வளவுதான்.

இன்று அந்த அளவு நமக்குத் தெரியும். டிரைக்கினெல்லா ஏறத்தாழ 58 டிகிரி செல்சியஸிலேயே அழிந்துவிடுகிறது. அமெரிக்க வேளாண்மைத் துறை, முழுத்துண்டுப் பன்றி இறைச்சிக்கு முன்பு 71 டிகிரி என்று வைத்திருந்த பரிந்துரையை 2011-ஆம் ஆண்டு மே மாதத்தில் 63 டிகிரியாகக் குறைத்தது; அடுப்பிலிருந்து எடுத்தபின் குறைந்தது மூன்று நிமிடம் அப்படியே ஓய்வில் வைக்க வேண்டும் என்பது அந்தப் பரிந்துரையின் பிரிக்கமுடியாத பகுதி. அந்த மூன்று நிமிடத்திலும் உள்வெப்பம் நிலைத்திருந்து கிருமிகளை அழிக்கும் வேலையைத் தொடர்கிறது. கொத்திய இறைச்சிக்கு இது பொருந்தாது என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும்: கொத்தும்போது வெளிப்புறக் கிருமிகள் உட்புறம் முழுதும் கலந்துவிடுவதால், அதற்கு இன்றும் 71 டிகிரிதான். முழுத்துண்டையும் கூடுதலாக வேகவைத்தே உண்ண விரும்புகிறவர்கள் அவ்வாறு செய்யத் தடையில்லை. ஆனால் பாதுகாப்புக்கு அது கட்டாயம் என்று அச்சிடுவது சரியன்று. இளஞ்சிவப்பு நிறத்தை அளவுகோலாகக் கொள்வது இரண்டு வகையிலும் ஏமாற்றும். 63 டிகிரியைத் தொட்ட துண்டு நடுவில் இலேசான இளஞ்சிவப்பாகவும் பாதுகாப்பாகவும் இருக்கலாம். மாறாக, தசையின் நிறமியான மையோகுளோபின் இருக்கும் நிலையைப் பொறுத்து, இன்னும் போதிய வெப்பம் எட்டாத துண்டே வெளுத்துப்போய் வெந்ததுபோலத் தோன்றவும் கூடும். எனவே நிறத்தைப் பார்த்து முடிவெடுங்கள் என்று அச்சிடுவது சுவைக்கும் கேடு, பாதுகாப்புக்கும் கேடு.

அடுத்தது தடிமன். தங்கள் குறிப்பில் ‘நான்கு துண்டுகள்’ என்று மட்டுமே இருந்தது. ஒரு சென்டிமீட்டர் தடிமனுள்ள நான்கு துண்டுகளும், மூன்று சென்டிமீட்டர் தடிமனுள்ள நான்கு துண்டுகளும் ஒரே சமையல் அல்ல. வெப்பம் வெளியிலிருந்து நடுப்பகுதியை எட்ட ஆகும் நேரம், ஏறத்தாழ தடிமனின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. தடிமன் இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பாகாது, நான்கு மடங்கை நெருங்கும். தடிமன் சொல்லாத நிமிடக் கணக்குக்கு ஆகவே பொருளே இல்லை. வேலைநாள் இரவுக்கு இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் வரை தடிமனுள்ள துண்டே மிகப் பொருத்தமானது என்று அனுபவத்தில் கண்டிருக்கிறேன்: வெளிப்புறம் நன்கு சிவப்பதற்கு வேண்டிய நேரமும் உட்புறம் பதமாவதற்கு வேண்டிய நேரமும் அதில் ஒத்துப்போகின்றன. ஒரு சென்டிமீட்டர் துண்டு மேல்நிறம் வருவதற்குள் உள்ளே வறண்டுவிடும். அதுதான் கிடைத்தது என்றால் ஒரு பக்கத்தை மட்டும் நன்றாகச் சிவக்கவிட்டு, மறுபக்கத்தை அரை நிமிடம் காட்டி எடுத்துவிடுவது நல்லது. நான்கு சென்டிமீட்டர் துண்டை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

உப்பைப் பற்றிக் குறிப்பு எதுவும் சொல்லவில்லை. இறைச்சியின்மேல் உப்பைத் தூவினால் முதலில் அது உள்ளிருக்கும் நீரை மேற்பரப்புக்கு இழுக்கிறது. பின்பு அந்த நீரில் கரைந்து, அரை மணி நேரத்துக்கு மேலாகும்போது மெல்ல உள்ளே திரும்பிச் செல்கிறது. உள்ளே சென்ற உப்பு தசைப் புரதங்களைத் தளர்த்தி, வேகும்போது அவை அதிக நீரைப் பிடித்துவைக்க உதவுகிறது. ஆகவே உப்பைச் சமைப்பதற்குக் குறைந்தது 40 நிமிடம் முன்பு தூவ வேண்டும், இல்லையெனில் வாணலியில் இடும் அதே நொடியில் தூவ வேண்டும். பத்து நிமிடம் முன்பு தூவுவதுதான் எல்லாவற்றிலும் மோசம், ஏனெனில் அப்போது மேற்பரப்பு முழுதும் ஈரமாக இருக்கும். வேலைக்குச் செல்கிறவர்களுக்கு நான் சொல்லும் வழி, காலையில் வீட்டைவிட்டுக் கிளம்புவதற்கு முன் துண்டுகளுக்கு உப்புத் தூவி, ஒரு தட்டில் பரப்பி, மற்ற உணவுகளைத் தொடாதபடி குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் மூடாமல் வைத்துவிடுவது. 200 கிராம் துண்டுக்கு 2 கிராம் உப்புப் போதும், பின்னால் சோயா சாஸும் வரவிருக்கிறது. மாலையில் வரும்போது உப்பு உள்ளே இறங்கியிருக்கும், மேற்பரப்பும் உலர்ந்திருக்கும்.

இந்த உலர்ந்த மேற்பரப்பின் அருமையை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இறைச்சிக்கு அந்தப் பொன்பழுப்பு நிறத்தையும் மணத்தையும் தருவது, புரதத்தின் அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் வெப்பத்தில் சேர்ந்து நிகழ்த்தும் மாற்றம். 1912-இல் அதை விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமீய் மையாரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. அது விரைவாக நடக்க மேற்பரப்பு ஏறத்தாழ 140 டிகிரியைத் தாண்ட வேண்டும். ஆனால் அங்கே நீர் இருக்கும்வரை வெப்பநிலை 100 டிகிரிக்கு மேல் ஏறாது. ஒரு கிராம் நீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குச் சூடாக்க ஆகும் வெப்பத்தைப்போல் ஐந்து மடங்குக்கும் மேலான வெப்பம், அதை ஆவியாக்க மட்டும் செலவாகிறது. ஈரமான துண்டை வாணலியில் இட்டால் அடுப்பின் வலிமை முழுதும் அந்த ஈரத்தைப் போக்குவதிலேயே கழிந்து, நிறம் பிடிப்பதற்குள் உட்புறம் வெந்து முடிந்துவிடும். முதலிலேயே நீர்த்த கலவையை ஊற்றி மூடியும் போட்டால் நடப்பது இதுதான். அது வறுவல் அன்று, அவியல். எனவே சமைப்பதற்கு முன் தாளால் ஒற்றி எடுப்பதும், துண்டுகளை நெருக்கியடிக்காமல் இடைவெளிவிட்டு வைப்பதும், மூடாமல் சமைப்பதும் முக்கியம். நான்கு துண்டுகள் வாணலியில் நெருக்கமாக இருந்தால் இரண்டிரண்டாகச் செய்வதே நல்லது. இறைச்சியைக் குழாயடியில் கழுவுவதால் கிருமிகள் போவதில்லை, சுற்றிலும் தெறிக்கத்தான் செய்கின்றன. அந்தப் பழக்கத்தையும் விட்டுவிடலாம்.

இங்கே ஒரு பழைய நம்பிக்கையையும் திருத்த வேண்டியிருக்கிறது. அதிகத் தீயில் வறுத்தால் மேற்புறம் மூடிக்கொண்டு சாறு உள்ளேயே அடைபட்டுவிடும் என்ற கருத்தைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பினார்; அது உண்மையன்று என்று பின்வந்த சோதனைகள் காட்டிவிட்டன. நன்கு சிவந்த துண்டிலிருந்தும் சாறு கசிந்துகொண்டேதான் இருக்கிறது, வாணலியில் கேட்கும் அந்தச் சத்தமே அதற்குச் சாட்சி. சிவக்க வைப்பது மணத்துக்காகவும் சுவைக்காகவும் மட்டுமே. சாற்றைக் காப்பது உள்வெப்பத்தை அளவில் நிறுத்துவதுதான். இதைப் புரிந்துகொண்டவர், நிறம் வந்துவிட்டது, இனி எவ்வளவு நேரம் வைத்தாலும் கெடாது என்று நம்பி ஏமாறமாட்டார்.

சமைக்கும் முறையை இனி நேராகச் சொல்கிறேன். துண்டின் ஓரத்தில் ஓடும் கொழுப்பும் அதை ஒட்டிய வெண்படலமும் சூட்டில் தசையைவிட வேகமாகச் சுருங்குவதால் துண்டு கிண்ணம்போல் வளைந்து, நடுப்பகுதி வாணலியைத் தொடாமல் போகும். கத்தியால் அந்த ஓரத்தை மட்டும் இரண்டு மூன்று இடங்களில் கீறிவிட்டால் வளையாது. கனமான வாணலி வேண்டும், இரும்பாக இருந்தால் மிக நன்று. ஒட்டாத பூச்சுள்ள வாணலியில் அடியில் பழுப்புப் படிவு ஏற்படாது என்பதால் கிளேஸுக்குப் பாதிச் சுவை குறைந்துபோகும். சுத்திகரித்த எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி விட்டு, அது மெல்ல நெளிந்து ஓடும் அளவுக்குக் காய்ந்ததும், எல்லாத் துண்டுகளையும் இடுக்கியால் சேர்த்துப் பிடித்து, கொழுப்பு ஓரம் கீழே படும்படி ஒரு நிமிடம் நிறுத்தி வைக்க வேண்டும். அந்தக் கொழுப்பு உருகி மொறுமொறுப்பாவதோடு, வறுப்பதற்கான நெய்யையும் அதுவே தந்துவிடும். பிறகு படுக்கவைத்து, இரண்டரை சென்டிமீட்டர் துண்டானால் பக்கத்துக்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம். உள்வெப்பம் 57 அல்லது 58 டிகிரியைத் தொடும்போது ஒரு தட்டில் எடுத்துவைத்துவிட வேண்டும். மீதி வேக்காடு கிளேஸில் நடக்கும்.

உணவு வெப்பமானியைத் துண்டின் மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து நடுமையம் வரை செலுத்தி அளக்க வேண்டும். முனை எலும்பைத் தொட்டால் அளவு தவறிவிடும். விரலால் அழுத்திப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். நாள்தோறும் நூறு துண்டுகளைச் சமைக்கும் கை அதை அறியலாம்; வாரத்தில் ஒரு நாள் சமைக்கும் நம் கைகள் அறியமாட்டா. வெப்பமானி ஆடம்பரம் அன்று, அளவுக் கரண்டியைப் போன்ற ஒரு சமையலறைப் பொருள்தான் என்று தங்கள் பக்கம் வாசகருக்குச் சொல்ல வேண்டும் என விரும்புகிறேன்.

இனி, நான் எழுத முற்பட்டதன் மையப் பொருளான கிளேஸ். இனிப்பும் புளிப்பும் உப்பும் சேர்ந்து சுண்டி, இறைச்சியின்மேல் மெல்லிய பளபளப்பாகப் படியும் அந்தக் கலவையை எப்போது சேர்ப்பது என்பதில்தான் இந்தச் சமையலின் வெற்றி முழுதும் அடங்கியிருக்கிறது. தேனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நீரும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரையும் இருக்கின்றன. சாதாரணச் சர்க்கரை ஏறத்தாழ 160 டிகிரியில்தான் கருகத் தொடங்கும் பாதையில் இறங்கும். ஃபிரக்டோஸோ ஏறத்தாழ 110 டிகிரியிலேயே நிறம் மாறத் தொடங்கிவிடும். இறைச்சியைச் சிவக்க வைக்கும் வாணலியின் அடி 200 டிகிரியை ஒட்டி இருக்கிறது. எனவே இறைச்சிக்கு வேண்டிய சூடு தேனுக்கு நஞ்சு, தேனுக்கு ஏற்ற சூடு இறைச்சிக்குப் போதாது. இரண்டையும் ஒரே நேரத்தில் வாணலியில் இட்டுவிட்டு எந்தத் தீயை வைத்தாலும் ஒன்று கெடும். ஒன்றன்பின் ஒன்றாகச் செய்வதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை. நீர் மிச்சமிருக்கும் வரையில் கலவையின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும் என்பதால் தேன் பத்திரமாக இருக்கும். நீர் முழுதும் வற்றும் அந்தக் கணத்தில்தான் அது பாய்ந்து கருகுகிறது. சமைப்பவர் கண்ணை எடுக்கக்கூடாத நேரம், ஆகவே, கடைசி இரண்டு நிமிடம் மட்டுமே.

நான்கு துண்டுகளுக்கு இரண்டு மேசைக்கரண்டி தேன், ஒரு மேசைக்கரண்டி வினிகர், ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி கடுகு விழுது, பொடியாக நறுக்கிய இரண்டு பூண்டுப் பற்கள், கால் கோப்பைத் தண்ணீர் என்பது என் கணக்கு. துண்டுகளை எடுத்தபின் தீயைக் குறைத்து, வாணலியில் மிகுந்திருக்கும் கொழுப்பை ஒரு தேக்கரண்டி மட்டும் விட்டு மீதியை வடித்துவிட வேண்டும். வடிக்காமல் விட்டால் கிளேஸ் எண்ணெயாகப் பிரிந்து நிற்கும். பூண்டு அரை நிமிடம் வதங்கி மணம் வந்ததும், தண்ணீரையும் வினிகரையும் ஊற்றி, அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் படிவை மரக்கரண்டியால் சுரண்டிக் கரைக்க வேண்டும். வாணலியில் விளைந்த சுவை முழுதும் அந்தப் படிவில்தான் இருக்கிறது, அதைத் தேய்த்துக் கழுவிக் கொட்டுவதைப்போன்ற நட்டம் வேறில்லை. அதன்பின் தேனும் சோயா சாஸும் கடுகும் சேர்ந்து கொதிக்கட்டும். தொடக்கத்தில் சிறுசிறு குமிழிகள் வேகமாக வெடிக்கும். சுண்டச் சுண்டக் குமிழிகள் பெரிதாகி, சோம்பலாக எழும். கரண்டியின் பின்புறத்தில் கலவை படிந்து, விரலால் இழுத்த கோடு மூடாமல் நின்றால் அதுவே பதம். அப்போது துண்டுகளையும், தட்டில் அவற்றிலிருந்து வடிந்திருக்கும் சாற்றையும் உள்ளே சேர்த்து, ஒரு நிமிடத்துக்கு இருபுறமும் புரட்டி, கரண்டியால் மேலே அள்ளி ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உள்வெப்பம் 63 டிகிரி காட்டியதும் அடுப்பை அணைத்து, துண்டுகளைத் தட்டுக்கு மாற்றி மூன்று நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி வெண்ணெயை அணைத்த அடுப்பிலேயே கலவையில் சுழற்றிக் கரைத்தால் பளபளப்பு கூடும். கிளேஸ் மிகவும் இறுகிவிட்டால் பதற வேண்டாம், ஒரு கரண்டி வெந்நீர் அதை மீட்டுவிடும். கருகிய கிளேஸை மட்டும் எதுவும் மீட்காது.

புளிப்பைக் குறைக்க வேண்டாம் என்று ஒரு சொல். தேனின் இனிப்பை வினிகர் வெட்டவில்லையென்றால் இரண்டாவது கவளத்திலேயே திகட்டும். வினிகர் இல்லாதபோது எலுமிச்சைச் சாறு பிழிந்துகொள்ளலாம், ஆனால் அதை அடுப்பை அணைத்தபின் சேர்க்க வேண்டும், கொதித்தால் அதன் வாசனை போய்விடும். பச்சை இறைச்சியை ஊறவைத்த கலவையையே கிளேஸாகப் பயன்படுத்த எண்ணுபவர்கள், அதை நன்றாகக் கொதிக்கவிடாமல் தொடவே கூடாது. மற்றொன்றும் குடும்பங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தேன் எவ்வடிவிலும் கொடுக்கக்கூடாது, ஏனெனில் அதில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் என்ற கடும் நச்சுநோயை உண்டாக்கும் நுண்வித்துகள் வாணலிச் சூட்டில் அழிவதில்லை. தேன் சேரும் குறிப்புகளில் இந்த ஒரு வரியை ஒருபோதும் விட்டுவிடக்கூடாது என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நேரம் எவ்வளவு ஆகிறது என்று வாசகர் கேட்கலாம். காலையில் உப்புத் தூவ இரண்டு நிமிடம் போக, மாலையில் வாணலி காய்வதிலிருந்து தட்டுக்கு வரும்வரை 20 நிமிடத்துக்கு மேல் எனக்கு ஆனதில்லை. இறைச்சி ஓய்வெடுக்கும் மூன்று நிமிடத்தில் காய்கறியை வதக்கிவிடலாம். தங்கள் குறிப்பின் 25 நிமிடத்தைவிட இது குறைவு. அதாவது, சரியாகச் செய்வதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படவில்லை, வரிசை மட்டுமே மாறியிருக்கிறது.

மிஞ்சியதை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் 4 டிகிரி அல்லது அதற்குக் குறைவான குளிரில் வைத்து, மூன்று நான்கு நாட்களுக்குள் 74 டிகிரி வரை சூடாக்கி உண்டுவிடலாம். மறுபடி சூடாக்கும்போது துண்டு வறண்டுபோவது இயல்பு. மெல்லிய சீவல்களாக அரிந்து, சிறிது தண்ணீர் தெளித்து, மிஞ்சிய கிளேஸோடு புரட்டினால் ஓரளவு தாங்கும்.

என் வேண்டுகோள் சிறியது. அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட்டு, துண்டின் தடிமன் இரண்டரை சென்டிமீட்டர் என்றும், நடுப்பகுதியின் வெப்பம் 63 டிகிரியை எட்டியபின் மூன்று நிமிட ஓய்வு என்றும், தேன் கலவை கடைசி இரண்டு நிமிடத்தில் மட்டுமே என்றும் அச்சிடுங்கள். இனி வரும் இறைச்சிக் குறிப்புகள் எல்லாவற்றிலும், பொருட்களின் பட்டியலில் எடையோடு தடிமனும், செய்முறையில் நிமிடத்தோடு வெப்பநிலையும் இடம்பெறச் செய்யுங்கள். இரண்டு வாரங்களுக்கு முன் தேன் கருகிய வாணலியைத் தேய்த்துக்கொண்டிருந்த வாசகர் நான் ஒருவர் மட்டுமே அல்லர் என்று நம்புகிறேன். அவர்கள் மீண்டும் ஒருமுறை முயன்று பார்க்க, இத்திருத்தம் அதே சமையல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் வருமானால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் சமையல் பக்கத்தை வாரந்தோறும் தவறாமல் படிக்கும் வாசகி